மயிலாப்பூர் சாக்கடை பெருங்குடி போகிறதா, கடலுக்குப் போகிறதா?

பட்டினப்பாக்கம் கடற்கரையில் 2019-ம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் பெரிய பரபரப்பு. கடலில் இருந்து வெள்ளை வெளேர் என்று நுரை பொங்கி வந்தது. மணல் தெரியாத அளவுக்குக் கரை முழுவதும் நுரை. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. நாலைந்து நாள் விடாமல் வந்தது.

வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. சின்னப் பிள்ளைகள் நுரையை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு குதித்தார்கள். பெரியவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் எல்லாம் அந்தப் படங்கள் வந்தன.

விஞ்ஞானிகள் வந்து தண்ணீரை எடுத்துச் சோதித்தார்கள். அது விளையாடுகிற நுரை அல்ல, சாக்கடை நுரை என்றார்கள்!

மழையில் ஆறும் கால்வாயும் பெருகின. பல நாளாகத் தேங்கிக் கிடந்த சாக்கடைத் தண்ணீர், துணி சோப்பு, பாத்திரம் கழுவும் பவுடர், அதில் உள்ள பாஸ்பேட் எல்லாம் மொத்தமாகக் கடலில் போய் விழுந்தன. அலை அடித்துக் கலக்கியதும் நுரை பொங்கியது. அவ்வளவுதான் விஷயம். அருகில் கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. அதே 2019 ஜூலை மாதம்தான், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஜோலார்பேட்டையில் இருந்து சென்னைக்கு ரெயிலில் தண்ணீர் வந்தது. முதல் ரெயிலில் வந்தது 25 லட்சம் லிட்டர். மாலை போட்டு வரவேற்றார்கள். நாலு மாதம் கழித்து, அதைப் போலப் பல மடங்கு தண்ணீர் சோப்பு நுரையாகக் கடலில் பொங்கியது!

தண்ணீர் போகும் பாதை

மயிலாப்பூரில் ஒரு வீட்டில் காலையில் குளிக்கிறார்கள். துணி துவைக்கிறார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குத் தெரியாது. "குழாய்ல போகுது" என்பார்கள். குழாய் எங்கே போகிறது?

ஒரு வீட்டுக்குள் 100 லிட்டர் தண்ணீர் போனால், அதில் 80 லிட்டர் சாக்கடையாகத் திரும்பி வரும் என்பது என்ஜினீயர்கள் போடும் கணக்கு. அந்த 80 லிட்டர் முதலில் தெருவில் பூமிக்கு அடியில் உள்ள குழாயில் இறங்குகிறது. குழாய் சரிவாகப் போட்டிருப்பதால் தானாக ஓடும். ஆனால் சென்னை தட்டையான ஊர். மேடு பள்ளம் அதிகம் இல்லை. சரிந்துகொண்டே போனால் குழாய் பாதாளத்துக்குப் போய்விடும். அதனால் அங்கங்கே பம்பிங் ஸ்டேஷன் கட்டி, சாக்கடையை மேலே இழுத்து, இரும்புக் குழாயில் அழுத்தித் தள்ளுகிறார்கள். சென்னையில் இப்படி 200-க்கும் மேற்பட்ட பம்பிங் ஸ்டேஷன்கள் இருக்கின்றன.

நகரின் சாக்கடை அமைப்பு ஐந்து மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. சுத்திகரிக்கும் இடங்கள் முக்கியமாக நாலு: கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி. மயிலாப்பூர், அடையாறு பக்கத்துச் சாக்கடை போய்ச் சேர வேண்டிய இடம் பெருங்குடி. கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் பிரயாணம். நடுவில் அடையாற்றையும் தாண்ட வேண்டும்.

வழியில் ஒரு பம்பு நின்றால் போதும், ஒரு குழாய் வெடித்தால் போதும், பின்னால் வருகிற சாக்கடை நிற்காது. தெருவில் மேன்ஹோல் வழியாகப் பொங்கும். இல்லாவிட்டால் பக்கத்துக் கால்வாயில் விழும்.

1910-ல் போட்ட கணக்கு

சென்னைக்குப் பாதாளச் சாக்கடைத் திட்டம் தீட்டியது 1910-ம் ஆண்டு. வெள்ளைக்காரன் காலம். 1961-ம் ஆண்டில் சென்னையில் 6 லட்சத்து 60 ஆயிரம் பேர் இருப்பார்கள், ஆளுக்கு 114 லிட்டர் என்று கணக்குப் போட்டார்கள். 50 வருடம் தள்ளி யோசித்தவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் ஜனங்கள் கணக்குக்குள் அடங்கவில்லை. 1961-ல் நகரில் இருந்தவர்கள் 17 லட்சத்துக்கும் மேல்!

அப்புறம் 1958-ல் புதுக் கணக்கு போட்டார்கள். 1976-ல் 25½ லட்சம் பேர் என்று வைத்து வேலை தொடங்கியது. அந்தக் கணக்கும் தப்பியது. ஊர் ஓடுகிற வேகத்துக்குக் குழாய் ஓடவில்லை.

கொடுங்கையூரில் ஒரு காலத்தில் சாக்கடைத் தண்ணீரைப் பாய்ச்சி மாட்டுக்குப் புல் வளர்த்தார்கள். அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் பாலைத்தான் பட்டணத்துக்காரர்கள் குடித்தார்கள்.

1978-ல் மெட்ரோ வாட்டர் என்று எல்லோரும் கூப்பிடுகிற குடிநீர், கழிவுநீர் வாரியம் வந்தது. அதுவரை மாநகராட்சி பார்த்த வேலை வாரியத்தின் கைக்குப் போனது. ஆனால் மழைத் தண்ணீர் ஓடும் வடிகால் மட்டும் மாநகராட்சியிடமே நின்றுவிட்டது. இந்த 'இரண்டு வீடு' ஏற்பாட்டில்தான் இன்றைய தலைவலி பாதி இருக்கிறது.

2001 வாக்கில் சென்னை நகர நதிகள் பாதுகாப்புத் திட்டம் என்று சுமார் 720 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. பெருங்குடியில் நாள் ஒன்றுக்கு 5 கோடியே 40 லட்சம் லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் 2006-ல் கிடைத்தது. பிறகு 6 கோடி லிட்டருக்கு இன்னொன்று சேர்ந்தது. ஆலந்தூருக்காகக் கட்டிய 1 கோடியே 20 லட்சம் லிட்டர் நிலையமும் அங்கேதான். ஆக, பெருங்குடியில் மட்டும் 12 கோடியே 60 லட்சம் லிட்டர். நாலு இடத்தையும் கூட்டினால் 72 கோடியே 70 லட்சம் லிட்டர்.

புழு பூச்சி செய்யும் வேலை

பெருங்குடியில் என்னதான் நடக்கிறது? பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை.

முதலில் கம்பிச் சல்லடை. துணி, பிளாஸ்டிக் பை, ஷாம்பு பாக்கெட், குச்சி எல்லாம் இங்கே சிக்கும். அடுத்தது மணல் தொட்டி. மண்ணும் கல்லும் அடியில் தங்கும். பிறகு பெரிய வட்டத் தொட்டி. இங்கே தண்ணீரை ஆடாமல் அசையாமல் வைத்தால் கனமான அழுக்கு அடியில் இறங்கிவிடும்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான இடம். தொட்டிக்குள் ராட்சத மோட்டார் போட்டுக் காற்றை ஊதுகிறார்கள். பானையில் சோறு கொதிப்பது போலத் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். ஆனால் சூடு கிடையாது. காற்றில் உள்ள பிராணவாயு கிடைத்ததும் கோடிக்கணக்கான கிருமிகள் வளர்கின்றன. அவைதான் அழுக்கைத் தின்கின்றன. நோய் கொடுக்கிற கிருமிகளைப் பற்றித்தான் நமக்குத் தெரியும். நமக்காக அழுக்கு தின்கிற கிருமிகளும் உண்டு! 1914-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில் கண்டுபிடித்த முறை இது. உலகம் முழுவதும் இன்றும் ஓடுகிறது.

தின்று கொழுத்த கிருமிகள் அடுத்த தொட்டியில் சேறாக அடியில் தங்கும். மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். சேற்றில் ஒரு பகுதியை மறுபடியும் காற்றுத் தொட்டிக்கே அனுப்பிவிடுவார்கள். மறுபடியும் வேலை! மீதிச் சேற்றை மூடிய தொட்டியில் போட்டால் எரிவாயு வரும். அதில் என்ஜினை ஓட்டி மின்சாரம் எடுக்கிறார்கள். நிலையத்துக்குத் தேவையான கரண்டில் ஒரு பங்கு சாக்கடையில் இருந்தே வந்துவிடுகிறது.

சுத்தமான தண்ணீர் என்றால் குடிக்கிற தண்ணீர் இல்லை. அழுக்கை அளக்க பி.ஓ.டி. என்று ஒரு கணக்கு உண்டு. கிருமிகள் அந்த அழுக்கைத் தின்று முடிக்க எவ்வளவு பிராணவாயு வேண்டும் என்பதே அது. சாதாரணச் சாக்கடையில் லிட்டருக்கு 200, 300 மில்லி கிராம் இருக்கும். நிலையத்தைத் தாண்டி வரும்போது 20, 30-க்குள் வந்துவிட வேண்டும். இதையும் 10 ஆகக் குறைக்க வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் சொன்னது. மனிதர் குளிக்கத் தகுந்த கடல் தண்ணீரில் 3-க்கு மேல் இருக்கக் கூடாது என்பது அரசாங்க விதி.

பெருங்குடியில் இருந்து வெளியேறும் தண்ணீர் பக்கிங்ஹாம் கால்வாய், பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பக்கம்தான் போயாக வேண்டும். கடைசியில் சேரும் இடம் கடல். அந்தச் சதுப்பு நிலம் சாதாரண இடம் இல்லை. 2022-ல் ராம்சார் ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்று அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்குகிற இடம். நிலையம் ஒழுங்காக ஓடினால் பறவைக்கும் நல்லது, கடலுக்கும் நல்லது. ஓடாவிட்டால் இரண்டுக்கும் கேடு.

அப்படியானால் கால்வாய் ஏன் கருப்பு?

குழாய் இருக்கிறது, பம்பு இருக்கிறது, பெருங்குடி இருக்கிறது. பிறகு மயிலாப்பூரில் பக்கிங்ஹாம் கால்வாய் ஏன் தார் மாதிரி கிடக்கிறது? திருமயிலை பறக்கும் ரெயில் நிலையத்தில் நிற்பவர்கள் ஏன் மூக்கைப் பொத்துகிறார்கள்?

காரணம் திருட்டு இணைப்பு.

மழைநீர் வடிகால் மழைத் தண்ணீருக்கு மட்டும்தான். அதற்குச் சுத்திகரிப்பு நிலையம் கிடையாது. நேரே கால்வாய், ஆறு, கடல். ஆனால் சில கட்டிடங்களில் ராத்திரியோடு ராத்திரியாகச் சாக்கடைக் குழாயை வடிகாலில் சொருகிவிடுகிறார்கள். முறைப்படி இணைப்பு வாங்கப் பணம் கட்ட வேண்டும், ரோடு வெட்ட அனுமதி வாங்க வேண்டும். பக்கத்திலேயே வடிகால் இருக்கிறது. ஒரு குழாய்த் துண்டு போதும். யாருக்குத் தெரியப் போகிறது?

மாநகராட்சியும் மெட்ரோ வாட்டரும் அவ்வப்போது சோதனை போட்டு இந்தக் குழாய்களை அடைக்கின்றன. கொஞ்ச நாளில் வேறு இடத்தில் முளைக்கிறது. இன்னொரு பக்கம், சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டால் அவசரத்துக்கு வடிகாலில் திருப்பிவிடும் வழக்கமும் இருக்கிறது. கால்வாய் ஓரக் குடிசைகளில் பலவற்றுக்கு முறையான இணைப்பே கிடையாது. அவர்கள் மேல் மட்டும் பழி போடுவதும் நியாயம் இல்லை. மாடி வீட்டுக் குழாய்களும் அதே கால்வாயில்தான் விழுகின்றன.

லாரிகள் தனிக் கதை. செப்டிக் டாங்க் சுத்தம் செய்யும் லாரி முறையான இடத்தில் போய்க் கொட்டினால் டீசல் செலவு, நேரச் செலவு. ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் கால்வாய் ஓரத்தில் குழாயைத் திறந்துவிட்டால் ஐந்து நிமிஷம். இப்படிக் கொட்டினால் அபராதம், லைசென்ஸ் ரத்து என்று தமிழ்நாட்டில் சட்டத்தை 2022-ல் திருத்தியிருக்கிறார்கள்.

பக்கிங்ஹாம் கால்வாய் படகு போன கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற இந்தத் துண்டு 1877, 78-ல் தாது வருஷப் பஞ்சத்தின்போது, பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி கொடுத்து வெட்டியது. பிற்காலத்தில் பறக்கும் ரெயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. ரெயில் 1997-ல் திருமயிலைக்கு வந்தது. கால்வாய் ஒடுங்கியது. ஓடாத தண்ணீரில் சாக்கடை கலந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

மீனவர் தலையில் இடி

கால்வாய்த் தண்ணீர் அடையாற்றில் விழும். அடையாறு சீனிவாசபுரம் அருகே கடலில் கலக்கும். வருடத்தில் பல மாதம் அந்த முகத்துவாரத்தை மணல் மூடிவிடும். அப்போது கடல் தண்ணீர் உள்ளே வராது, ஆற்றுத் தண்ணீர் வெளியே போகாது. சாக்கடை ஊறிக் கிடக்கும். மழைக் காலத்துக்கு முன்னால் இயந்திரம் வைத்து மணலை வெட்டிவிடுகிறார்கள். முதல் மழை பெய்ததும் தேங்கிய அழுக்கு முழுக்க ஒரே மூச்சில் கடலுக்கு.

அழுக்கு தண்ணீரில் உள்ள பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். மூச்சு விட முடியாமல் மடவை மீன்கள் கூட்டமாகச் செத்து மிதப்பது அடையாற்று முகத்துவாரத்தில் பலமுறை நடந்திருக்கிறது. மீன் குஞ்சு வளர்கிற இடமே முகத்துவாரம்தான். குஞ்சு செத்தால் வலையில் என்ன விழும்?

சீனிவாசபுரம், முள்ளிக்குப்பம், டுமிங்குப்பம், நொச்சிக்குப்பம் மீனவர்கள் சாக்கடையைக் கடலில் கொட்டவில்லை. ஆனால் நுரை வந்தால் நஷ்டம் அவர்களுக்குத்தான். கடலுக்குப் போகக் கூடாது. போய்ப் பிடித்து வந்தாலும், "பட்டினப்பாக்கம் மீனா? வேண்டாம்பா" என்று வாங்க வந்தவர் திரும்பிவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. 2024-ல் லூப் ரோட்டில் புது மீன் மார்க்கெட் திறந்தார்கள். மார்க்கெட் புதுசு, சரி. கடல் சுத்தமாக இருந்தால்தானே மீன் புதுசு?

மயிலாப்பூருக்கும் கடலுக்கும் உள்ள சம்பந்தம் இன்று நேற்று வந்தது அல்ல. மாசி மாதத்தில் மயிலையில் நடக்கும் கடலாட்டு விழாவை, ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் திருஞானசம்பந்தர் பூம்பாவைப் பதிகத்தில் பாடி வைத்திருக்கிறார். சாமியே குளித்த கடலில் இன்று கால் நனைக்க யோசிக்க வேண்டியிருக்கிறது.

குழிக்குள் போன உயிர்கள்

மயிலாப்பூரில் இருந்து பெருங்குடிக்குச் சாக்கடை தடையில்லாமல் போக வேண்டும் என்றால், நடுவில் அடைப்பு எடுக்க வேண்டும். யார் எடுப்பது?

குழிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு தேங்கி நிற்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு அதிகமானால் அந்த நாற்றமே தெரியாது. மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்கியவர் இரண்டு மூச்சில் சாய்வார். அவரைத் தூக்க இறங்கியவரும் சாய்வார். ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் சாவது இப்படித்தான்.

1993-ல் இருந்து இப்படிச் செத்தவர்கள் கணக்கில், இந்தியாவிலேயே தமிழ்நாடுதான் முதலிடம் என்று மத்திய அரசு பாராளுமன்றத்தில் கொடுத்த புள்ளிவிவரம் சொல்கிறது. வெட்கக்கேடான முதலிடம்!

2013-ல் மனிதர் இறங்குவதைத் தடுக்க மத்திய அரசு சட்டம் போட்டது. செத்தவர் குடும்பத்துக்கு ரூ.10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. அதை 2023 அக்டோபரில் ரூ.30 லட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் சென்னை உள்பட ஆறு பெரிய நகரங்களில் மனிதரை இறக்கவே கூடாது என்று கண்டிப்பாக உத்தரவு போட்டது.

இப்போது உறிஞ்சும் லாரி, தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பு எடுக்கும் லாரி எல்லாம் வந்துவிட்டன. அடைப்பு எடுத்த தொழிலாளர்கள் 200-க்கும் மேற்பட்டவர்களை அந்த லாரிகளுக்குச் சொந்தக்காரர்களாக்கும் திட்டத்தை மாநில அரசு 2023 டிசம்பரில் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் மெட்ரோ வாட்டர் லாரி வரும் வரை காத்திருக்காமல், 500, 1000 கொடுத்துத் தனி ஆளைக் கூப்பிட்டு வீட்டுத் தொட்டியில் இறக்குகிறவர்கள் இருக்கிறார்களே! அவர் செத்தால் கேஸ் யார் மேல்? இறக்கிய வீட்டுக்காரர் மேல்தான். சட்டம் அவரையும் விடாது.

லண்டன் நாறிய கதை

இது சென்னைக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1858 கோடையில் லண்டன் தேம்ஸ் நதி நாறியது. கரையில் இருந்த பாராளுமன்றத்தில் உறுப்பினர்கள் உட்கார முடியவில்லை. ஜன்னல் திரையைச் சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். தங்கள் மூக்குக்கு வந்ததும் சட்டம் உடனே நிறைவேறியது. பாசல்ஜெட் என்ற என்ஜினீயர் லண்டனுக்குப் பாதாளச் சாக்கடை கட்டினார். ஆனாலும் நூறு வருஷம் கழித்து, 1957-ல், தேம்ஸ் செத்த நதி என்று சொல்லும்படி ஆயிற்று. சுத்திகரிப்பு நிலையங்களைச் சரி செய்த பிறகுதான் மீன் திரும்பி வந்தது.

இந்தியாவில்? நகரங்களில் நாள் ஒன்றுக்கு உண்டாகும் சாக்கடை 7,236 கோடி லிட்டர். உண்மையில் சுத்தம் செய்யப்படுவது 2,023 கோடி லிட்டர்தான். நூற்றுக்கு 28. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல் வெளியிட்ட கணக்கு இது. மீதி 72 பங்கு ஆறு, ஏரி, கடல்!

சென்னை நிலைமை அவ்வளவு மோசம் இல்லை. மணலியில் உள்ள எண்ணெய், உர ஆலைகள் 1990-களின் தொடக்கத்திலேயே சாக்கடைத் தண்ணீரை வாங்கிச் சுத்தம் செய்து பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. 2019-ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4 கோடியே 50 லட்சம் லிட்டர் தண்ணீரை இன்னும் நன்றாகச் சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்கு விற்கும் நிலையங்கள் வந்தன. தொழிற்சாலை சாக்கடைத் தண்ணீரை வாங்கினால், அந்த அளவுக்கு ஏரித் தண்ணீர் ஜனங்களுக்கு மிச்சம். கடலுக்கும் பாரம் குறையும்.

மயிலாப்பூர் பக்கத்திலேயே கண்கூடான சாட்சி ஒன்றும் இருக்கிறது. அடையாற்றுக் கழிமுகத்தில் குப்பையும் கட்டிட இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கர் இடத்தைச் சுத்தம் செய்து, செடி நட்டு, 2011-ல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். நண்டு வந்தது. நாரை வந்தது. அழுக்கை நிறுத்தினால் ஆறு பிழைக்கும் என்பதற்கு இதைவிட ருசு வேண்டுமா?

செய்ய வேண்டியது என்ன?

வீட்டில் உள்ளவர்கள் செய்யக் கூடியது சுலபம். எண்ணெய்ப் பிசுக்கு, துணி, நாப்கின், பிளாஸ்டிக் எதையும் குழாயில் தள்ளக் கூடாது. அடைப்பில் பாதி இதனால்தான். வீட்டுக் கழிவுக் குழாய் எந்தப் பைப்பில் சேருகிறது என்று பார்க்க வேண்டும். தெருவில் சாக்கடை பொங்கினாலும், லாரி கால்வாயில் கொட்டினாலும் மெட்ரோ வாட்டர் புகார் எண் 4567 4567-க்குப் போன் போட வேண்டும்.

அதிகாரிகள் செய்ய வேண்டியது கொஞ்சம் பெரிசு. மாநகராட்சியும் மெட்ரோ வாட்டரும் "அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லை" என்று ஒருவரை ஒருவர் கை காட்டுவதை நிறுத்த வேண்டும். மயிலாப்பூரில் கால்வாயில் விழும் வடிகால் வாய்கள் எத்தனை, மழை இல்லாத நாளிலும் தண்ணீர் ஒழுகுவது எத்தனை என்று எண்ணி, வார்டு ஆபீஸ் போர்டில் எழுதி ஒட்ட வேண்டும். வெயில் காலத்தில் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது மழைத் தண்ணீராக இருக்க முடியாது. இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானி வர வேண்டாம். கால்வாய் ஓரத்தில் பத்து நிமிஷம் நின்றால் போதும். யார் வந்து நிற்கப் போகிறார்கள்?